பாட்டிலில் பிடித்த கடல்

கொம்பையாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை டப்பாவில் மாத்திரை இல்லை, உப்பு இருந்தது. தருவைக்கரை என்ற ஊர் ஒரு மத்தியான வேளையில் கடலுக்குள் போனதற்கு அதுதான் காரணம். புயல் இல்லை, பேரலை இல்லை, துருவத்தில் உருகிய பனியும் இல்லை. கடையில் பாக்கெட்டில் விற்கிற சாதாரணத் தூள் உப்பு.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். கொம்பையாவின் மனைவி பொன்னுத்தாய் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. குறைப்பதற்குப் பதிலாக உப்பு ஜாடியையே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்று முதல் அவருடைய மதியச் சாப்பாட்டில் தயிர் சோறு என்ற பெயரில் வெறும் வெள்ளை நிறம் வந்துகொண்டிருந்தது. மனிதர் என்ன செய்வார்? நிலத்தடி நீரில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வேதியியலர், தன் சொந்த உப்பை மாத்திரை டப்பாவில் ஒளித்துவைக்க ஆரம்பித்தார்.

அவர் வேலை பெரிய வேலை இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிணறுகள் ஒவ்வொன்றிலும் கயிற்றில் ஒரு குழல் தொங்கும். அரசாங்கம் வைத்த பெயர் கடற்காண் கருவி. ஊர் வைத்த பெயர் நாக்கு. கிணற்றுத் தண்ணீரை இருபத்துநாலு மணி நேரமும் சுவைத்துப் பார்த்து, கடல் உள்ளே வந்துவிட்டதா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லும். அதன் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். வாரம் ஒரு தரம் நாக்கை மேலே இழுத்து அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைப்பதுதான் கொம்பையாவுக்கு விடப்பட்ட விஞ்ஞானம். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் பாத்திரம் கழுவுகிறார் என்று பொன்னுத்தாய் சொந்தக்காரர்களிடம் சொல்வதில்லை. அவ்வளவு நல்ல மனசு அவளுக்கு.

தருவைக்கரையில் அப்போது ஒரே ஒரு கிணறுதான் மிச்சம். சுயம்புக்கனியின் முருங்கைத் தோட்டத்துக் கிணறு. மற்ற கிணறுகள் எல்லாவற்றிலும் கடல் வந்துவிட்டதாக நாக்கு சொல்லி, பூட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. கடைசிக் கிணறும் போனால் உவர்நிலச் சட்டப்படி அந்த ஊர் ஊர் இல்லை, கடல். நிலத்தின் மேல் மரம் நிற்கலாம், வீடு நிற்கலாம், அம்மன் கோயில் நிற்கலாம். சட்டத்துக்கு அது கடல். கடலில் யாருக்கும் பட்டா கிடையாது.

கொம்பையா நாக்கை இழுத்துக் கிணற்றுக் கட்டின் மேல் படுக்கவைத்தார். கிண்ணத்தைக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றினார். பக்கத்திலேயே சாப்பாட்டைத் திறந்தார். மாத்திரை டப்பாவை எடுத்து மூடியைத் திருகின நேரத்தில் முதுகுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம். பொன்னுத்தாய் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள் என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கை டப்பாவை மறைக்கப் போய்க் கவிழ்த்தது. அத்தனை உப்பும் கிண்ணத்துக்குள்.

நாக்கு ஒரு கணம் யோசித்தது.

"வணக்கம். கடல் நுழைவு உறுதி. உறுதி அளவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

மோட்டார் அறையில் டக் என்று பூட்டு விழுந்தது. முருங்கைக் கன்றுகளுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் வாய்க்காலில் பாதி வழியில் நின்றது. வெண்டைக்காய்க் கூட்டு கொண்டுவந்த சுயம்புக்கனி கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். முப்பத்தைந்து வயது, வெயிலில் காய்ந்த முகம், பேச்சில் மட்டும் ஈரம் குறையாதவள்.

"அண்ணாச்சி, என்ன பண்ணினிய?"

கொம்பையா சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "ஒண்ணுமில்லம்மா, சரி பண்ணிருதேன்" என்றார். அரசாங்க உத்தியோகத்தில் அவர் சொன்ன எத்தனையோ பொய்களில் அது ஒன்றுதான் நம்பிக்கையோடு சொன்னது.

கிண்ணத்தைக் கழுவி, நாக்கைக் கிணற்றில் இறக்கினார். நல்ல தண்ணீர் என்று அது உடனே சொன்னது. பூட்டு திறக்கவில்லை. சட்டத்தில் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு வரி உண்டு: வந்த கடல் திரும்பிப் போவதில்லை. ஆகவே தீர்ப்பை மாற்றுகிற ஏற்பாடே கிடையாது.

மறுநாள் காலை மாவட்ட அலுவலகத்தில் தன் மேலதிகாரி ஜெபராணி மேடத்தின் முன் போய் நின்றார். மேடம் கெட்டவர் இல்லை. யாருக்கு வயிற்றுவலி என்றாலும் மேசை இழுப்பறையில் மாத்திரை வைத்திருப்பார். ஆனால் நேராகக் கேட்ட எதற்கும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. லீவு கேட்டால் பார்ப்போம். மின்விசிறி ஓடவில்லை என்றால் பார்ப்போம். பணி ஓய்வுக்கு எத்தனை வருஷம் பாக்கி என்று ஒருமுறை கேட்டதற்கும் பார்ப்போம் என்றுதான் சொன்னார்.

கொம்பையா தன் மானத்தை மேசை மேல் வைத்தார். மாத்திரை டப்பா, தயிர் சோறு, கொலுசு, எதையும் விடவில்லை. மேடம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், மனுஷ நாக்குச் சாட்சி செல்லாது என்று. நீங்கள் உப்புக் கொட்டினதைப் பார்த்த கருவி ஏதாவது உண்டா?

"கருவியே பார்த்திருக்கணுமே மேடம். அதைத்தான் கேக்கேன். கடல் உப்புக்கும் கடை உப்புக்கும் வித்தியாசம் தெரியாமலா அதைக் கிணத்துல தொங்க விட்டிருக்கோம்?"

மேடம் ஜன்னலைப் பார்த்தார். மூல மாதிரியோடு ஒத்துப்போவதைத்தான் நாக்கு கடல் என்று சொல்லும், அது நுட்பமான விஷயம், கருவி செய்த நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது, எழுதிப் போடலாம் என்றார்.

"கடை உப்பு எப்படி ஒத்துப்போச்சு?"

"பார்ப்போம், கொம்பையா."

மேடத்தின் தலைக்கு மேல் சுவரில் அந்த மூல மாதிரியின் புகைப்படம் தொங்கியது. திட்டம் தொடங்கிய விழா அன்று மேடமே தன் கையால் கடல்நீர் பிடித்த காட்சி. மாம்பழக்கலர் பட்டுச்சேலை, ஜரிகைக் கரை, கையில் உயர்த்திப் பிடித்த கண்ணாடிப் பாட்டில், பின்னால் நீலம். மாவட்டத்துக் கிணறுகள் எல்லாம் அந்த ஒரு பாட்டிலோடுதான் ஒப்பிடப்படுகின்றன. கடலுக்குள் போய்த் தண்ணீர் பிடித்தும் சேலைக் கரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லாததைக் கொம்பையா வருஷக்கணக்காக வியந்து பார்த்திருக்கிறார். அவர் தண்ணீர் குடித்தாலே சட்டை நனையும்.

அடுத்த திங்கட்கிழமை தருவைக்கரையைக் கடல் என்று அறிவிக்கப் போவதாகவும், அதற்கு அவரும் வரவேண்டும் என்றும் வெளியே வந்தபோது தெரிந்தது. கடலாகிவிட்ட ஊரைப் புரோமின் கம்பெனி குத்தகைக்கு எடுக்கிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவில்தான் அந்தக் கம்பெனி. வெயிலில் பிடித்த மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பெரிய பேட்டரிகளுக்குப் புரோமின் வேண்டும். கடல்நீரை உள்ளே இழுத்து, புரோமினை உறிஞ்சிக்கொண்டு, சக்கைத் தண்ணீரை ஊர் எல்லையில் பாத்தி கட்டித் தேக்குவார்கள். பாத்திக்கு இடம் போதவில்லை. இப்போது ஊரே பாத்தி.

அங்கிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனவரைச் சுயம்புக்கனி உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாடின முருங்கைக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, எந்தச் சட்டத்தில் சோற்றுக்கு உப்புப் போட்டால் ஊரைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறது என்று கன்றுகளிடம் விசாரித்தாள். அவளுடைய அண்ணன் ராஜகனி இப்போது சென்னையில் ஒரு அடுக்குமாடி வாசலில் காவலுக்கு நிற்கிறான். இந்த ஊரில் இரண்டாவதாகப் பூட்டிய கிணறு அவனுடையது. இது கடல் உப்பு இல்லை, வேறே கசப்பு என்று கத்தினான். கத்தினதை எழுதி மேடத்திடம் கொடுக்கத்தான் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது.

"அவன் கத்தினப்ப நீங்க எங்க இருந்திய, அண்ணாச்சி?"

"நான் அப்ப வேலையிலயே சேரலம்மா."

"சேந்திருந்தா மட்டும் கிழிச்சிருப்பிய."

சேர்ந்திருந்தால் கொம்பையா கிண்ணம் கழுவியிருப்பார். அந்த நினைப்புதான் உறைப்பாக எங்கோ இறங்கியிருக்க வேண்டும். கிணற்றுக்குப் போய் நாக்கை மேலே இழுத்தார். அதன் கழுத்தில் ஈயமுத்திரை வைத்த ஒரு மூடி உண்டு. உடைத்தால் வேலை போகும் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை நடுவில் கொடுத்து உடைத்தார். முத்திரை உடைகிற சத்தம் பொன்னுத்தாய்க்குக் கேட்டிருக்குமோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

மூடிக்குள் ஒரு சின்னத் திரை. தீர்ப்புக்கு முந்தைய எண்கள் எல்லாம் அதில் இருந்தன. உப்புக் கவிழ்ந்த மத்தியானத்து எண்களைத் தேடி எடுத்தவர் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன, படிக்கத் தெரியலியா?" என்றாள் சுயம்புக்கனி.

"தங்கச்சி, கடல் உப்புல குளோரைடுன்னு ஒண்ணு இருக்கு. அது தனியா எங்கயும் போவாது. கூடவே புரோமைடுன்னு ஒரு கூட்டாளிய கூட்டிட்டுத்தான் போவும். முந்நூறு பேருக்கு ஒருத்தன்னு வச்சுக்க. ராமேஸ்வரத்துல எடுத்தாலும் ஆப்பிரிக்காவுல எடுத்தாலும் இதே கணக்கு. மண்ணுக்குள்ள எவ்வளவு தூரம் ஊறி வந்தாலும் கூட்டாளிய விடாது."

"கடை உப்புல?"

"உப்பு வெளைஞ்சு கட்டியாவும்போது புரோமைடு கீழ நிக்கித தண்ணியிலயே தங்கிரும். கடை உப்புல அது இல்லன்னே வச்சுக்கலாம். இங்க பாரு, என் உப்பு. குளோரைடு மலை மாதிரி, புரோமைடு சைபர். இதப் பாத்து கடல் இல்லன்னு சொல்லணும் இந்தச் சனியன். தொண்ணூத்தொம்பது சதம் கடல்ங்குது."

"பழுது."

கொம்பையாவும் அப்படித்தான் நினைத்தார். பழுது என்று நிரூபித்தால் தீர்ப்பு விழும், கிணறு திறக்கும், ஊர் நிற்கும், தன் வேலை மட்டும் போகும். பரவாயில்லாத கணக்காகத்தான் பட்டது. பூட்டிய கிணறுகளின் சாவி அவரிடமே இருந்தது. மஞ்சள் பெயிண்டு மூடிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் அதே நாக்கை இறக்கி, எண்களைப் பார்த்துக்கொண்டே போனார். சுயம்புக்கனி குடத்தை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். முதல் கிணற்றில் குளோரைடு மலை, புரோமைடு ஏறக்குறைய சைபர். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். கடைசியாக ராஜகனியின் கிணற்றுக்கு வந்தார்கள். அங்கேயும் அதே.

கொம்பையா கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு சுயம்புக்கனியின் பக்கம் திரும்பினார்.

"என் உப்ப நான் கவுத்தேன். உங்க அண்ணன் கெணத்துல மாத்திர டப்பாவ எவன் கவுத்தான்?"

சுயம்புக்கனி புரியாமல் பார்த்தாள். அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஊர்க் கிணறுகளில் இருப்பது உப்பு, சந்தேகமில்லை. ஆனால் புரோமைடு இல்லாத உப்பு. மண்ணுக்குள் நடந்து வந்த கடலுக்கு அந்தக் கூட்டாளி இல்லாமல் இருக்க முடியாது. வழியில் யாரோ அவனை மட்டும் உருவி எடுத்திருந்தாலொழிய.

இருவரும் சேர்ந்தே திரும்பிப் பார்த்தார்கள். பனைகளுக்கு அப்பால் கம்பெனியின் பாத்திகள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

இத்தனை வருஷமாகக் கடலைத் திட்டியிருக்கிறோம் என்று சுயம்புக்கனி சொன்னாள். அவள் குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகமிருந்தது. ஊர் காலியாகக் காலியாக ஒவ்வொரு ஆடியிலும் பெண்கள் கடலோரம் போய், ஆத்தா, எங்க தண்ணிய விட்டுரு என்று கும்பிட்டுப் பொங்கல் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கடல் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு வசதியான குற்றவாளி. அதன் மேல் வழக்குப் போட முடியாது, நோட்டீஸ் அனுப்ப முடியாது, பதிலுக்கு அது வக்கீல் வைக்காது. கொம்பையாவுக்குக் காது மடல் சூடேறியது. ரத்தக்கொதிப்புக்கு அன்றைக்கு உப்பே தேவைப்படவில்லை.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. பாத்தியிலிருந்து கசிந்த கழிவுத் தண்ணீரை நாக்கு ஏன் கடல் என்கிறது? பழுதான கருவி ஒரு தடவை தப்பாகச் சொல்லும், இரண்டு தடவை சரியாகச் சொல்லும். இது ஒரே தப்பை இத்தனை வருஷமாக இத்தனை உறுதியோடு சொல்லியிருக்கிறது. யாரோ சொல்லிக்கொடுத்த பிள்ளை மாதிரி.

"கடலையாவது அதுக்குத் தெரியுமா தெரியாதா? தூக்கிட்டுப் போயி காட்டித்தான் பாருமே" என்றாள் சுயம்புக்கனி. கேலியாகத்தான் சொன்னாள். எரிச்சல் வந்தால் அவளுக்கு மரியாதை ஒரு படி இறங்கிவிடும்.

கொம்பையா நாக்கின் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை ஜெபராணி மேடம் வந்து இறங்கியபோது ஊரில் ஆள் இல்லை. மிச்சமிருந்த பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்களும் கடற்கரையில் இருந்தார்கள். மேடத்தோடு கம்பெனியின் மேலாளர் ஒருவரும் வந்திருந்தார், வழுவழுப்பான சட்டை, வழுவழுப்பான தமிழ். ஈரமணலில் ஷூ புதையப் புதைய அவர் நடந்து வந்ததைப் பார்த்து யாரோ ஒரு பெண், ஐயா ஷூவக் கழத்திக்கிடுங்க, உங்க கடல்தான, என்றாள்.

கொம்பையா முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்றார். பேன்ட் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தோளில் கயிற்றுச் சுருள், கையில் நாக்கு. பார்ப்பதற்குத் தூண்டில் தொலைத்த ஆள் மாதிரி இருந்தார். மேடம் கரையிலிருந்தே என்ன இது என்று கேட்டார். அரசாங்கச் சொத்து, மேலே வாருங்கள், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். மேலாளர் சட்டத்தில் எத்தனையாவது பிரிவு மீறப்படுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

கொம்பையா நாக்கைக் கடலுக்குள் அமிழ்த்தினார்.

அலை ஒன்று வந்து அவர் இடுப்பை நனைத்துவிட்டுப் போனது. நாக்கு யோசித்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது.

"வணக்கம். இது கடல் இல்லை. உறுதி அளவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. தாங்கள் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். நன்றி."

முதலில் ஒரு கிழவர்தான் சிரித்தார். பிறகு எல்லோரும். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எதிரே அடிவானம் வரைக்கும் படுத்துக்கிடந்த அந்தப் பெரிய தண்ணீர் கடல் இல்லை என்றால் வேறு என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு வருகிறேன், குடத்தில் மொண்டு வைப்போம், அச்சமின்றி என்கிறதே என்றாள். அலை வந்து வந்து போனது. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. நின்றபோது சுயம்புக்கனி மட்டும் சிரிக்காமல் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

மேலாளர், கருவி ஈரமாகிவிட்டால் இப்படித்தான் என்றார். தண்ணீருக்குள் தொங்குவதற்கென்றே செய்த கருவியைப் பற்றி.

கொம்பையா கரையைப் பார்த்துத் திரும்பினார். மேடம் காய்ந்த மணலும் ஈர மணலும் பிரிகிற கோட்டில் நின்றுகொண்டிருந்தார். அலை நுரை கிட்டே வரும்போதெல்லாம் சேலைக் கொசுவத்தைக் கையில் அள்ளி ஓரடி பின்னால் வைத்தார். நுரை போனதும் ஓரடி முன்னால். பேச்சுக் கவனத்தில் அவருக்கே தெரியாமல் கால்கள் அதைச் செய்துகொண்டிருந்தன.

கொம்பையா அந்தக் கால்களைப் பார்த்தார். சுவரில் தொங்கும் மாம்பழக்கலர்ப் பட்டின் கரை அவர் கண்முன் வந்து நின்றது, ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

தண்ணீரை விட்டு அவர் ஏறி வந்தார். மேடத்துக்கு நேர் எதிரே நின்றார். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார், குரல் கெஞ்சலாக வந்தது.

"மேடம், விழா அன்னைக்கு அந்தப் பாட்டில்ல பிடிச்ச தண்ணி. அத எங்க பிடிச்சீங்க?"

"கொம்பையா, அதெல்லாம் முறைப்படி..."

"மேடம்."

சுயம்புக்கனி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்களும் வந்தார்கள். மேலாளர் மேடத்தின் காதருகே ஏதோ சொல்ல வந்தார், மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார். எல்லோரும் அந்த வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். பார்ப்போம் என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் என்று கொம்பையாவுக்கு இருந்தது.

நுரை ஒன்று ஓடி வந்தது. இந்தத் தடவை மேடம் பின்வாங்கவில்லை. கொசுவம் நனைந்து கனத்தது.

"கம்பெனிக்குள்ள ஒரு மேடை போட்டிருந்தாங்க. மேடைக்குப் பக்கத்துலயே ஒரு குழாய், கடல்ல இருந்து வர்ற குழாய்னு நினைச்சேன். இறங்கினா சேலை நனையும்னு அதுல பிடிச்சேன். கழிவு போற குழாய்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது."

கொம்பையாவுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து எத்தனையோ நாள் வயிற்றுவலி மாத்திரை எடுத்துக் கொடுத்த கை அது.

"எப்ப தெரிஞ்சுது மேடம்?"

ஜெபராணி கொம்பையாவைப் பார்க்கவில்லை. சுயம்புக்கனியைப் பார்த்தார்.

"உங்க அண்ணன் கத்தினாரே, அன்னைக்கே தெரியும்மா."